ஆடி மாதத்து ஸ்கேன்

ஜூலை 19, சனிக்கிழமை

இன்று முதல் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். எதையும் பெரிதாக்க மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எழுதப் பிடிக்காத பகுதி வந்தாலும் தாண்டிப் போக மாட்டேன். எங்கள் பள்ளி நூலகத்தில் தன்வரலாறு என்று ஒட்டியிருக்கும் தட்டில் உள்ளவை முழுவதையும் படித்துவிட்டேன். எல்லாரும் சின்ன வயதில் நடந்ததை நரைத்த பிறகு நினைத்து எழுதியிருக்கிறார்கள். அதற்குள் பாதி மறந்திருக்கும், மீதி அழகாகியிருக்கும். நான் அன்றன்றே எழுதுவேன்.

என் பெயர் ஆவுடை. ஒன்பதாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் வீடு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா உலகம்மாள் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று எழுதலாம். ஆனால் அங்கே உட்கார முடியாது என்பதால் நிற்கிறாள் என்பதே சரி.

ஏப்ரலில் அம்மாவுக்குக் கர்ப்பப்பைக்குள் வளர்ந்திருந்த ஒரு சின்னச் சதையை எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. கேமரா வைத்த குழாயை விட்டு எடுத்து, உள்ளே சுத்தம் செய்தார்கள். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அப்பா இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் “அந்தச் சமாச்சாரம்” என்பார். மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர் மெர்லின். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையில் விடுப்பு கிடையாது. ஒரு வேளை அனுமதி வாங்கிக்கொண்டு அம்மா வந்தாள். துணைக்கு நான்.

கர்ப்பப்பை தெளிவாகத் தெரிய வேண்டுமானால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் காத்திருக்க வேண்டும். ஸ்கேன் சென்டரில் எல்லாப் பெண்களும் அதற்காகத்தான் நெளிந்துகொண்டிருந்தார்கள். ஒரு அக்கா எழுந்து எழுந்து நடந்தாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அம்மா மட்டும் சுவரில் இருந்த விளம்பரங்களை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்கே குடித்துவிட்டாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது, நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணை முன்னால் போகச் சொன்னாள். அடுத்த முறையும் ஒருத்தி கெஞ்சினாள், அவளுக்கும் விட்டுக்கொடுத்தாள். நடுவில் இன்னொரு பாட்டிலும் குடித்தாள்.

“உனக்கு வரலியாம்மா?” என்று கேட்டாள் அங்கே வேலை செய்யும் ஆயாம்மா.

“வருது. கிடக்கட்டும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த விஷயத்தில் அம்மாவை ஜெயிக்க ஆள் கிடையாது. கடையில் வேலையாட்களுக்கான கழிப்பறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஒரு பிரிவுக்கு ஒரு சாவி, அது சூப்பர்வைசர் சட்டைப்பையில். கேட்டால் எல்லார் முன்னாலும் “இப்பத்தானம்மா போன?” என்பாராம். அதனால் அம்மா பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. நானும் பள்ளியில் குடிப்பதில்லை. அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாட்டில் போனபடியே வீடு திரும்பும். மன உறுதி இருந்தால் எதுவும் முடியும்.

ஒரு மணிக்கு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது என்று எனக்கே புரிந்தது. கிட்னி பற்றிய வரியில் மட்டும் ஒரு பெரிய வார்த்தை, இரண்டு பக்கத்துக்கும்.

“என்னட்டி போட்டிருக்கு?”

“ஒரு வார்த்த தெரியலம்மா. பாத்துச் சொல்லுதேன்.”


ஜூலை 20, ஞாயிறு

ஹைட்ரோநெஃப்ரோசிஸ். சிறுநீரகத்தில் நீர் தேங்கி வீங்குவது. லேசாக என்று முன்னால் போட்டிருக்கிறது. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே இன்னொரு முறை களைந்தாள்.

அப்பாவின் போனில் மேலும் தேடினேன். சார்ஜ் குறைவாக இருந்ததால் தொடர்ந்து படிக்கவில்லை. உள்ளது உள்ளபடி என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.


ஜூலை 22, செவ்வாய்

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பொங்கி நுரைத்ததும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கக் கூடாது. யாருக்கும் தெரிந்திருப்பது நல்லதுதான்.


ஜூலை 25, வெள்ளி

சண்முகக்கனி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. அவள் வந்தால் வீடு நிறைந்துவிடும். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். “ஏட்டி ஆவுடை, அந்த ஃபேன கூட்டி வையி, வேகுது” என்றாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் கணக்கு நோட்டை எடுத்து விசிறிக்கொண்டாள். கழுத்தெல்லாம் வேர்வை. சில நிமிடத்தில் அடங்கி, “குளிருது, நிறுத்து” என்றாள். அத்தைக்கு எப்போதும் இப்படித்தான்.

அம்மாவுக்கு இந்த மாதத்துத் தீட்டு திங்கட்கிழமை வந்து, நேற்றோடு நின்றுவிட்டது. சதை எடுத்ததிலிருந்தே இப்படித்தான். முன்பெல்லாம் பத்து நாள் போகும். அந்த நாட்களில் அம்மா கறுப்புப் பாவாடைதான் கட்டுவாள். கடைக்கு இரண்டு மாற்று உடை கொண்டுபோவாள். இப்போது மூன்று, நான்கு நாள், அதுவும் கொஞ்சம்.

“இப்பம் புரியுதா மைனி?” என்றாள் அத்தை. “வெளிய போக வேண்டிய ரத்தம் போகல. எங்க போவும்? உள்ளதான கிடக்கும்? அதான் கிட்னி வீங்கிருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு” என்றாள் அம்மா மெதுவாக.

“தோணுறது என்ன, அதேதான். எடுத்துப் போட்டுருங்க. எனக்கு முப்பத்திரெண்டு வயசுல எடுத்தாச்சு. இடுப்பு வலினு போனேன், ஒரே வெட்டு. மாசாமாசம் எழவெடுக்கது கிடையாது, கோயிலுக்கு எப்ப வேணா போலாம். நிம்மதி! காப்பீட்டு அட்டை இருந்தாப் போதும், அஞ்சு பைசா வேண்டாம். எனக்குப் பாத்த ஆஸ்பத்திரிலயே நான் சொல்லி வைக்கேன்.”

“ஆடியிலயா?” என்றார் அப்பா. இந்தச் சமாச்சாரத்தில் அவர் சொன்ன ஒரே சொல்.

“நல்ல காரியம்தான் ஆடியில கூடாது. ஆபரேசன் என்ன, கல்யாணமாண்ணே?”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். சிரித்து முடிப்பதற்குள் அத்தை போன் போட்டு, ஆகஸ்ட் ஏழு, வியாழக்கிழமை என்று நாள் வாங்கிவிட்டாள்.


ஜூலை 27, ஞாயிறு

உயிரியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கர்ப்பப்பையிலிருந்து சிறுநீரகத்துக்குக் குழாய் எதுவும் இல்லை. அத்தைக்குப் போன் செய்து சொன்னேன்.

“புத்தகத்துல எல்லாமா போட்டிருப்பான்? போயி படிட்டி” என்றாள். படிக்கத்தானே செய்தேன்?


ஜூலை 29, செவ்வாய்

அம்மா வீட்டிலும் தண்ணீரைக் குறைத்துவிட்டாள். கிட்னியே வீங்கியிருக்கும்போது அதற்கு எதற்கு மேலும் வேலை என்கிறாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர், அவ்வளவுதான்.

கடையில் ஆபரேஷனுக்கு என்று சொன்னதும் ஒரு மாதம் விடுப்புத் தந்துவிட்டார்களாம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்ட இன்னொரு வேளை கேட்டபோது தராதவர்கள். ஆபரேஷன் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

அம்மா தலையணை உறைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்தாள். மசாலாப் பொடி டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். என் கையெழுத்து இன்று அவ்வளவு நன்றாக இல்லை.


ஜூலை 31, வியாழன்

டாக்டர் மெர்லின் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். ரிப்போர்ட்டை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே, முதல் ஆளாக வரச் சொன்னார்கள்.

அம்மா சண்டைக்கு வருவாள் என்று காரணங்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவள், “சதைய எடுத்து நல்லாப் பாத்துக்கிட்ட டாக்டரம்மா. சொல்லாமக் கொள்ளாம வேற இடத்துல போயி படுக்கது மரியாத இல்ல. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்” என்றாள். என் காரணங்கள் அத்தனையும் வீண்.


ஆகஸ்ட் 2, சனிக்கிழமை

இன்று நீளமாக எழுத வேண்டும்.

டாக்டர் மெர்லின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

“ஸ்கேனுக்கு எவ்வளவு நேரம் யூரின அடக்கி வச்சிருந்தீங்க?”

“கொஞ்ச நேரம்தான் மேடம்.”

பெரியவர்கள் பேசும்போது நான் இடையில் பேச மாட்டேன். இன்று பேசினேன்.

“இல்ல மேடம். எட்டு மணிக்குக் குடிச்சாங்க. ஒரு மணிக்குத்தான் உள்ள போனாங்க. ரெண்டு பேருக்கு வழி விட்டாங்க. நடுவுல இன்னொரு பாட்டிலும் குடிச்சாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அஞ்சு மணி நேரமா? எப்படிம்மா முடிஞ்சுது?”

“கடையில பழக்கம் மேடம்” என்றாள் அம்மா, யாரோ அவள் சமையலைப் பாராட்டியதுபோல.

“கீழ்த்தொட்டி நிறைஞ்சு கிடந்தா மேல இருந்து வர்ற தண்ணி எங்க போகும்? மேலேயே நிக்கும். உங்க கிட்னில தெரியிறது அதுவா இருக்கலாம். இப்ப பாத்ரூம் போயிட்டு வாங்க. இங்கேயே மறுபடி பாத்திடுவோம்.”

அம்மா தயங்கினாள். “சாவி?” என்றாள்.

“என்ன சாவி?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

போய்விட்டு வர அம்மாவுக்கு வெகு நேரமாயிற்று. அங்கே குழாயில் நல்ல தண்ணீர், கதவில் தாழ்ப்பாள், சோப்பு எல்லாம் இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

இந்த முறை என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் மேகம்போல ஒன்று அசைந்தது. டாக்டர் அதன் நடுவில் விரல் வைத்துக் காட்டினார். “வலது பக்கம் வீக்கம் இல்ல. இடது பக்கமும் இறங்கிடுச்சு. இங்க பாரு, கடுகளவு ஒரு கல். தண்ணியே குடிக்காம இருந்தா இதுதான் வரும். இப்போதைக்கு இதுக்கு மருந்து தண்ணிதான். அடக்கக் கூடாது. ஆறு மாசத்துல மறுபடி பாப்போம்.”

“குடிக்கலாம் மேடம். ஆனா கடை பாத்ரூம அஞ்சு மாடி கீழ எறக்கணும்” என்றாள் அம்மா. டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடுகு தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு அம்மா ஆபரேஷன் நாளைச் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது.

“எதுக்கு எடுக்கணும்?”

“மாசாமாசம் வரதே நின்னுபோன மாதிரி இருக்கு மேடம். மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு. துணி நனையவே மாட்டேங்குது. அந்த ரத்தமெல்லாம் உள்ள தங்கி…”

“முன்னாடி எத்தன நாள் போகும்?”

“பத்துக்குக் குறையாது.”

“எவ்வளவு வருஷமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “இவ ஒண்ணாங்கிளாஸ் சேந்ததுல இருந்து.”

“உலகம்மா, அதுதான் நோய். இது அளவு. எடுத்த சதைதான் அப்படிப் போக வச்சுது. அது போனதும் உடம்பு பழைய ஒழுங்குக்கு வந்திடுச்சு. எட்டு வருஷமா நோயையே அளவுகோலா வச்சிருந்ததால, குணமானது உங்களுக்குக் குறையா தெரியுது. வராத ரத்தம்னு ஒண்ணு கிடையாது. அது கிட்னிக்கும் போகாது. நல்லா இருக்கிற உறுப்ப ஏன் வெட்டி எடுக்கணும்?”

அம்மா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு திடீரென்று, “அப்பம் இவளுக்கு?” என்றாள்.

“இவளுக்கு என்ன?”

“இவளுக்கும் நாலு நாள்தான் மேடம். பிள்ளைக்கு ரத்தம் பத்தலனு ஒரு வருசமா முருங்கக்கீரையும் எள்ளுருண்டையுமா குடுத்துக்கிட்டிருக்கேன்.”

“கீரை குடுங்க. எள்ளுருண்டையும் நல்லதுதான். ஆனா இவளுக்கு ஒரு குறையும் இல்ல.”

என்னிடம் ஏதோ ஒன்று குறைவாக இருக்கிறது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இந்த வரியை எழுதிவிட்டுப் பார்த்தேன். நினைத்திருக்கிறேன். விளையாட்டுப் பிரிவேளைகளில் சும்மா உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

திரும்பும் வழியில் அம்மா இரண்டு பெரிய பாட்டில் வாங்கினாள். ஒன்றை என்னிடம் தந்தாள்.

“பள்ளிக்கூடத்துல குடிக்கியா?”

“கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லம்மா.”

“திங்கக்கிழம நான் வந்து உங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசுதேன்” என்றாள். அம்மா என் பள்ளிக்கு வந்து பேசுவதாகச் சொன்னது இதுவே முதல் முறை.


ஆகஸ்ட் 4, திங்கள்

தலைமையாசிரியை தச்சரை வரச் சொல்லிவிட்டார். அம்மா பேசியது மொத்தம் மூன்று வாக்கியம்.

மாலையில் கடையில் நடந்ததை அம்மா நடித்துக் காட்டினாள். சூப்பர்வைசர் குரல் அவளுக்கு நன்றாக வருகிறது.

“‘சார், சாவி.’ ‘ஆடி நேரத்துல என்னம்மா?’ ‘சாவியத் தாங்க சார். டாக்டர் சொல்லிருக்கு.’ ‘கூட்டத்தப் பாத்தியா?’ ‘பாத்தேன் சார். கல்யாணச் சேலை எடுக்க வந்த அம்மா இங்கதான் நிக்காவ. எதுக்குச் சாவி கேக்கேன்னு அவ்வோகிட்டயே சொல்லட்டா?’”

“குடுத்தாரா?” என்றார் அப்பா.

“குடுத்தாரு. அத வாங்கிட்டு லிஃப்ட்டுல போனேன்.”

“லிஃப்ட்டுலயா!”

“நாலு பட்டுச்சேலைய கையில வச்சுக்கிட்டு ஏறினேன். கஸ்டமர்னு நினைச்சு ஒருத்தர் நகந்து எடம் விட்டாரு.”

அம்மா திரும்பி வந்ததும் சாவியைச் சூப்பர்வைசரிடம் தரவில்லை. பக்கத்தில் நின்ற ராமலட்சுமி அக்காவிடம் தந்தாள். அந்த அக்கா அடுத்தவளிடம். மதியம் வரை அது சட்டைப்பைக்குத் திரும்பவே இல்லையாம். அப்பா ரசித்துச் சிரித்தார். அவர் சிரிப்பு அடங்கியபோது, “அந்தச் சமா…” என்று ஆரம்பித்து நிறுத்தி, “கர்ப்பப்பைய எடுக்க வேண்டாம்லா அப்பம்?” என்று கேட்டார். அந்தச் சொல்லை அப்பா சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

“வேண்டாம்” என்றாள் அம்மா. “கனிகிட்ட நேர்ல சொல்லிக்கிடுதேன். போன்ல சொன்னா கத்துவா.”


ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை

ஆபரேஷன் என்று குறித்திருந்த நாள். அம்மா வழக்கம்போலக் கடைக்குப் போய்விட்டாள். நேற்று மாலை நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன். நேற்றே எழுத முடியாததற்குக் காரணம் கடைசியில் வரும்.

அத்தை நேற்று பெரிய பையோடு வந்து இறங்கினாள். ஃப்ளாஸ்க், ரொட்டிப் பாக்கெட், அம்மா போட்டுக்கொள்ள லூசான இரண்டு நைட்டிகள். ஆஸ்பத்திரியில் படுக்க அவளுக்கு ஒரு பாய். ஒரு வாரம் கூடவே இருப்பதாக மாமாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்து, குடிக்க விட்டு, அப்புறம்தான் சொன்னாள்.

“நான் வரல கனி.”

நினைத்ததுபோலவே அத்தை கத்தினாள். “பயந்துட்டீயளா? நான் சொல்லி வச்ச எடத்துல என் மொகரைய எங்க கொண்டு வைக்க?” என்றாள். டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும், அனுபவப்பட்டவள் நான் சொல்கிறேன் என்றாள். அம்மா குறுக்கே பேசவில்லை. அத்தைக்கு மூச்சு வாங்கியபோது, டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிறைந்த தொட்டி, கடுகளவு கல். பத்து நாள் போனதுதான் நோய், இப்போது போவதுதான் அளவு என்பது. பொம்பளைகளுக்கு நாலு நாளும் சரிதான், அஞ்சு நாளும் சரிதான், வாரம் வரைக்கும்கூடப் போகலாம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்பது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அஞ்சு நாளும் சரிதானா?”

“ஆமா. அதுல தப்பில்லனுட்டாவ.”

“எடுக்கதுக்கு முன்ன எனக்கு அஞ்சு நாள்தான் மைனி போகும்.”

அம்மா அவளைப் பார்த்தாள்.

“அந்த ஆஸ்பத்திரில என்ட்ட ரொம்பப் போகுதுனு சொன்னாவ. இடுப்பு வலிக்கும் அதான் காரணம்னாவ. நான் ஒண்ணும் கேக்கல. வேற யாருட்டயும் காட்டல. கூட வர ஆளும் இல்ல.” டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “இடுப்பு இப்பவும் வலிக்கத்தான் செய்யுது” என்றாள்.

அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் ரசம் வைத்தேன். அத்தை நன்றாக இருக்கிறது என்றாள், ஆனால் சாப்பிடவில்லை. காலை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சீக்கிரமே பாயை விரித்தாள். அம்மா தன் பாயை அதன் பக்கத்தில் ஒட்டிப் போட்டாள். சனிக்கிழமை நீயும் என்கூட டாக்டர் மெர்லினிடம் வா, நான் லீவு போடுகிறேன் என்று சொன்னாள். அத்தை தலையை ஆட்டினாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து இந்த நோட்டைத் திறந்தேன். தேதி எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அத்தை முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

“என்ன அத்த?” என்றேன்.

“லைட்டு கண்ணக் கூசுதுட்டி.”

எங்கள் வீட்டு ட்யூப்லைட் பழையது. அதற்கு அவ்வளவு வெளிச்சம் கிடையாது. அம்மா எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள்.